பழைய நாற்காலி ஏலம்: எழுத்தில் இருப்பதே பாதுகாப்பு

சண்டிகர் நகரம் உருவான 1950-களில், பியர் ஜானரே என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய குழுவினரும் அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார்கள். பிரம்பு அறுந்து கால் ஆடத் தொடங்கியதும், அவை கழித்துக்கட்டிய சாமான்களாக அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. அதே நாற்காலிகள் பிறகு வெளிநாட்டு ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றன. இனி விற்கக் கூடாது என்று மத்திய உள்துறை 2011-இல் உத்தரவிடுவதற்குள் ஏராளமானவை கைமாறிவிட்டன. இடைப்பட்ட காலத்தில் மரம் மாறவில்லை. யார் வடிவமைத்தது, எந்த அலுவலகத்தில் கிடந்தது என்ற வரலாறுதான் விலையாக மாறியது. அந்த வரலாறு எழுத்தில் இல்லாத இடத்தில் விற்பவரும் நஷ்டப்படுகிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர்ப் பக்கத்துக்கு இது தொலைதூரக் கதையல்ல. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம் இந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றில் சிலவற்றை இங்கிலாந்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் பின்னாளில் பழைய ஆங்கிலேய நாற்காலிகள் என்று நம்பி வாங்கினார். ஊர்ப்பெயர் தொலைந்ததால் நம் தச்சரின் உழைப்பு வேறொருவர் கணக்கில் ஏறியது. ஆகவே, பழைய வீட்டை இடிக்கும்போது ஊஞ்சல் பலகையையும் சாய்வு நாற்காலியையும் மொத்தமாக ஒரு விலை பேசி ஏற்றி அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளவு குறித்து, பங்காளிகளின் சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, ரசீது போட்டே கொடுங்கள்.

ஏலம் கேட்பவருக்கும் சட்டம் துணை நிற்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64-இன்படி, மூன்றாம் தரம் சொல்லி ஏலம் முடியும்வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர் முன்கூட்டி அறிவிக்காமல் தன் ஆளை விட்டு விலை ஏற்றினால், அந்த விற்பனையை மோசடி என்று தள்ளிவிடலாம். விலை கேட்குமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். நூறாண்டு பழையது என்று சொல்லும் நாற்காலியின் அடிச்சட்டம் எங்கும் ஒரே நிறத்தில் பளபளத்து, புது இயந்திரத் திருகாணி தென்பட்டால், வயதுக்கு ஆதாரம் கேளுங்கள்.

நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தந்தம் பதித்த நாற்காலியானால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்கவோ விற்கவோ முடியாது. சண்டிகர் நாற்காலிகளுக்கு இன்னும் நூறு வயது ஆகாததால், தொல்பொருள் சட்டம் அவற்றைக் காக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

“உள்ளது உள்ளபடி” என்று நிபந்தனையில் எழுதிய பிறகு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கும் தேய்மானத்துக்கும் அந்த வரி பொருந்தும். தெரிந்தே புதியதைப் பழையது என்று சொல்லி விற்றதற்கு அது கவசமாகாது. இத்தனை காகிதம் கேட்டால் சிறு வியாபாரி தொழில் செய்ய முடியாது என்பது இன்னொரு வாதம். மரம், காலம், பழுதுபார்த்த பகுதிகள், விற்றவர் விவரம் ஆகியவற்றை ரசீதில் நான்கு வரியாக எழுத அதிகச் செலவில்லை. அதை எழுதித் தருபவரே போலிச் சரக்குக்காரரிடமிருந்து தன் பெயரையும் காத்துக்கொள்கிறார்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தவர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடரலாம். விற்றவர் வெளியூர்க்காரராக இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதையும் ஏல அறிவிப்பையும்தான். அவற்றைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.