ஒரு மைக்ரான் தண்ணீர்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விமான நிறுவன ஊழியர்கள் தங்களுக்கென்று பனிச்சறுக்குக் கழகம் வைத்திருக்கிறார்கள். கணக்குப் பிரிவுக்காரர், எஞ்சின் மெக்கானிக், பைலட், விமானப் பணிப்பெண் எல்லாரும் கலந்த அணிகள். குளிர்காலத்தில் ஏதாவது ஒரு மலையூரில் பல நாட்டு அணிகள் ஒரு வாரம் கூடும். சரிவில் நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவார்கள். நொடியில் நூறில் ஒரு பங்கு வரை நேரம் குறித்து வெற்றி தோல்வி சொல்வார்கள். ஸ்டாஃப் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மலை அவ்வளவு தூரமில்லை. காலி சீட் இருந்தால் கிளம்பிவிடலாம்.

ஸ்டாஃப் டிக்கெட் மும்பைக்கும் பழக்கமானதுதான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாட்டா ஜூஹுவில் வந்து இறங்கியதிலிருந்தே இது விமான ஊர். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பழைய தமிழ்க் குடும்பங்களை விசாரித்தால், "ஏர் இந்தியாவில் இருந்தார்" என்று சொல்ல ஒரு பெரியப்பாவாவது சித்தப்பாவாவது கிடைப்பார். அவருடைய பாஸ் திருச்சி கல்யாணத்துக்கும் லண்டன் மகள் வீட்டுக்கும் பயன்பட்டிருக்கும். பனிமலைக்கு அது போயிருந்தால் ஆச்சரியம். கடல்மட்டத்தில் குடியிருந்து, மே மாத வெயிலில் வேர்த்து, குர்லா மால் ஒன்றில் செயற்கைப் பனி பார்த்துத் திருப்திப்படும் ஊர் இது.

ஆனாலும் பனிச்சறுக்கின் பௌதிகத்தை நம் ஊர் விமானக்காரர்கள் வேறொரு பக்கத்திலிருந்து நன்றாகவே அறிவார்கள். ஜூலை மாத மழையில், சாந்தாகுரூஸ் பக்கம் விமானம் இறங்கும்போது.

முதலில் பனியைப் பார்ப்போம். காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீ ஏன் வழுக்குகிறது? பள்ளிக்கூடத்தில் பலர் படித்த பதில் ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் பனிக்கட்டி உருகும், ஆள் ஏறி நிற்கும் பாரத்தில் அடியில் நீர் உண்டாகிறது, அதில் வழுக்குகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டால் போதும், சரிந்துவிடும். பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரு டிகிரி இறக்கச் சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 75 கிலோ ஆள் இரண்டு ஸ்கீமேல் நிற்கிறார். ஒவ்வொன்றும் 170 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், பனிமேல் விழும் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். உருகுநிலை இறங்குவது ஒரு டிகிரியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. நிஜத்தில் ஸ்கீ முழுப் பரப்பிலும் படிவதில்லை, பனித் துணுக்குகளின் முனைகளில்தான் தொடுகிறது என்பது உண்மை. அதைச் சேர்த்துக்கொண்டாலும் மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து டிகிரியில் மக்கள் சுகமாகச் சறுக்குவதற்கு இந்த விளக்கம் எட்டாது.

1939-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிலிப் பௌடனும் டி.பி. ஹியூஸும் வேறு பதில் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலைக்கணவாயின் பனிக்குகையில் அவர்கள் சோதனை செய்தார்கள். பித்தளை வெப்பத்தைச் சட்டென்று கடத்தும், எபோனைட் என்ற கடின ரப்பர் கடத்தாது. கடுங்குளிரில் பித்தளை அடிப்பாகம் அதிகம் உராய்ந்தது, எபோனைட் சுலபமாக நழுவியது. ஆக, உராய்வில் பிறக்கும் சூடு பனியை உருக்குகிறது. அந்தச் சூட்டைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் பொருள் வழுக்காது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனிப் பிரியம். பெரிய கருவி எதுவும் இல்லாமல், பொருளை மாற்றிப் பார்த்தே காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். இன்றைய ஸ்கீயின் அடிப்பாகம் வெப்பம் எளிதில் கடத்தாத ஒருவகை பாலிஎத்திலீன்; அதன்மேல் மெழுகு.

கதை அதோடு முடியவில்லை. நகராமல் சும்மா நிற்கும்போதே பனிக்கட்டி வழுக்குகிறதே? பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு மேலே கைகோக்க ஆள் இல்லை. அதனால் அவை உள்ளே இருப்பவைபோல் கட்டுண்டு நிற்பதில்லை, புரண்டுகொண்டே இருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1850 வாக்கிலேயே இதை மோப்பம் பிடித்துவிட்டார். 2018-இல் ஆம்ஸ்டர்டாமிலும் மைன்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள் பனிக்கட்டியின்மேல் உராய்வை அளந்து பார்த்தபோது, அது மிகக் குறைவாக இருந்தது மைனஸ் 7 டிகிரியில். அதைவிடக் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகளின் ஓட்டம் குறைகிறது. சூடானால் பனி மென்மையாகி, மேலே இருப்பது உள்ளே அமிழ்கிறது. மைனஸ் 100 டிகிரியில் பனிக்கட்டி வழுக்கவே வழுக்காது. மறு வருடம் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தப் படலத்தையே அளந்தார்கள். கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அது சுத்தத் தண்ணீராகவும் இல்லை. நீரும் பொடிப்பனியும் கலந்து எண்ணெய்போல் கொழகொழப்பாக இருந்தது. 2025-இல் ஜெர்மனியின் ஸார்லாந்து பல்கலைக்கழகத்தார், அழுத்தமும் உராய்வுச் சூடும் முக்கியமே இல்லை, தொடும் பொருளின் மின் இருமுனைகள் பனியின் ஒழுங்கைக் கலைப்பதுதான் காரணம் என்று வந்திருக்கிறார்கள். நூற்றெழுபது வருடமாக ஒரு வழுக்கலுக்கு வழக்கு நடக்கிறது.

பந்தயக்காரருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு அவசரமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது: படலம் மெலிதாக இருந்தால் நல்லது, தடித்தால் ஆபத்து. வெயிலேறி ஈரமான பனியில் நீர் அதிகமாகி, ஸ்கீயின் அடியோடு ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும். அதனால் அடிப்பாகத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத வரிப்பள்ளங்களை அரைத்து வைக்கிறார்கள். ஈரப் பனிக்கு ஆழமான வரி, குளிர்ந்த உலர் பனிக்கு மெல்லிய வரி. பந்தயத்துக்கு முன்பே பனியைத் தொட்டுப் பார்த்து, வெப்பமானி குத்தி, எந்த மெழுகு, எந்த வரி என்று முடிவு செய்யவே தனி ஆட்கள் உண்டு. நழுவ உதவும் ஃப்ளோரின் மெழுகுகளைச் சூழல் கேடு காரணமாகச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023–24 பருவத்திலிருந்து தடைசெய்துவிட்டது; அவர்கள் வேலை இன்னும் கடினமாகிவிட்டது.

இப்போது அதே படலத்தை மும்பைக்குக் கொண்டுவாருங்கள்.

சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் 2005 ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழையைப் பதிவு செய்தது. அது விதிவிலக்கு. ஆனால் சாதாரண ஜூலையிலேயே ஓடுபாதைமேல் தண்ணீர் நிற்கும் நிமிடங்கள் ஏராளம். அந்த நீரில் ஒரு ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகத்தில் வந்து தொடுகிறது. ஒப்பிட ஓர் எண்: 2023 மார்ச்சில் பிரான்ஸின் வார்ஸ் சரிவில் சிமோன் பிய்யி ஸ்கீயில் எட்டிய உலக சாதனை வேகம் மணிக்கு 255.5 கி.மீ. மனிதர் பனியில் சறுக்கும் உச்ச வேகமும் விமானச் சக்கரம் தரை தொடும் வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னவருக்கு உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். பின்னவருக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பயம்.

டயர் தண்ணீரைப் பிதுக்கி ஒதுக்க நேரம் கிடைக்காவிட்டால், நீர் ஆப்புபோல் அடியில் புகுந்து டயரைத் தூக்கிவிடும். சக்கரம் தரையைத் தொடாமல் நீர்மேல் மிதந்து ஓடும். பிரேக்குக்கும் வேலையில்லை, திருப்புவதற்கும் பிடி இல்லை. இது எந்த வேகத்தில் நடக்கும் என்று 1960-களில் நாஸாவின் வால்டர் ஹார்ன் குழு கண்டுபிடித்த சூத்திரம் வியப்பான எளிமை கொண்டது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, ஒன்பதால் பெருக்கினால் வேகம் நாட் அளவில் வந்துவிடும். 200 பி.எஸ்.ஐ. டயருக்கு 127 நாட், அதாவது மணிக்கு 235 கி.மீ. இறங்கும் கணத்தில் சக்கரம் இன்னும் சுழலத் தொடங்கியிருக்காது. அப்போது ஒன்பதுக்குப் பதில் 7.7 போட வேண்டும். வேகம் மணிக்கு 200 கி.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும். இரண்டுமே இறங்கும் வேகத்துக்குக் கீழே!

சூத்திரத்தில் விமானத்தின் எடை எங்கே? இல்லை. பாரம் கூடினால் டயர் நசுங்கித் தரையில் படியும் பரப்பும் கூடும். சதுர அங்குலத்துக்கு விழும் அழுத்தம் மாறாது. நீரை எதிர்த்துத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். அதனால் நிறைய ஆள் ஏற்றிய விமானமும் காலி விமானமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மிதக்கத் தொடங்கும்.

இதற்கு ஆழமான நீர் வேண்டும். விஷமமான இன்னொரு வகைக்கு அதுவும் வேண்டாம். மழையில் மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் தேய்ந்த ரப்பர் செருப்போடு இறங்கியவர்களுக்கு இது புரியும்: வழவழப்பான பரப்பில் ஈரம் இருந்தாலே போதும், குட்டை தேவையில்லை. விமானங்கள் திரும்பத் திரும்பத் தொடும் இடத்தில் டயர் ரப்பர் உருகிப் படிந்து ஓடுபாதை வழவழத்துவிடும். அங்கே மில்லிமீட்டரில் சிறு பின்னம் கன நீர்ப்படலமே உயவெண்ணெயாகிவிடுகிறது. ஸ்கீயின் கதைக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் உராய்வுச் சூட்டில் நீர் ஆவியாகி டயரைத் தாங்கும், ரப்பர் கூழாகும், ஓடுபாதையில் கறுப்புக் கோட்டுக்குப் பதில் நீராவி கழுவிய வெள்ளைக் கோடு விழும். விபத்து விசாரணைக்காரர்கள் முதலில் தேடுவது இப்படிப்பட்ட தடயங்களைத்தான். பௌடனும் ஹியூஸும் பனிக்குகையில் கண்ட அதே உராய்வுச் சூடு, இங்கே வேறு முகத்தோடு.

மருந்தும் ஒன்றேதான்: வரி போடுவது. ஓடுபாதையின் குறுக்கே சுமார் 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்தில், 38 மி.மீ. இடைவெளியில் வெட்டும் பள்ளங்கள் உலகெங்கும் பரவிய முறை. ஸ்கீயில் வரி போடுவது வழுக்கலைக் காப்பாற்ற. ஓடுபாதையில் வரி போடுவது வழுக்கலைக் கொல்ல. இரண்டிலும் வேலை மிகுநீரை வெளியேற்றுவதுதான். ரப்பர் படிவை அதிவேக நீர்த்தாரையால் சுரண்டி எடுப்பார்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகள் கொண்ட மும்பை விமான நிலையம், மழைக்கு முன் மே மாதத்தில் ஒரு பகல் பொழுது அவ்விரண்டையும் மூடிப் பராமரிப்பு செய்யும். அன்று விமானம் தாமதமானால் பயணிகள் திட்டுவார்கள். திட்டக் கூடாத நாள் அது.

இன்னொன்றுக்கும் திட்டக் கூடாது. மழையில் விமானம் பூப்போல் இறங்காமல் தடால் என்று தரையில் குத்தினால், பைலட்டுக்குக் கை வரவில்லை என்று நினைக்காதீர்கள். படலத்தை உடைத்து டயர் தரையைப் பிடிக்க வேண்டுமென்றே அப்படி இறக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மெல்ல வருடி இறங்குவது வெயில் காலத்துக்கான சொகுசு.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் 2019 ஜூலை 1 இரவு, மழையில், ஜெய்ப்பூரிலிருந்து வந்த விமானம் ஒன்று மும்பையின் பிரதான ஓடுபாதையைத் தாண்டிப் போய்ச் சேற்றில் நின்றது. உயிருக்குச் சேதமில்லை. அதை இழுத்து எடுக்கும்வரை அந்த ஓடுபாதை நாள்கணக்கில் முடங்கியது.

ஸ்கீக்காரர்களும் பிடிப்பே வேண்டாம் என்பவர்கள் இல்லை. நீளவாக்கில் நழுவ வேண்டும், பக்கவாட்டில் கடிக்க வேண்டும். ஸ்கீயின் இடுப்பு குறுகலாகவும் இரு முனைகளும் அகலமாகவும் இருப்பது அதற்காக. சாய்த்து அழுத்தினால் அது வில்லாக வளைந்து எஃகு விளிம்பால் பனியைக் கீறி வளைவைத் தானே போட்டுக்கொள்ளும். குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர். ஜயன்ட் ஸ்லாலமில் 45-ஆவது இடம். அந்தப் பந்தயம் முழுக்க முழுக்க இந்த நழுவலுக்கும் கடிக்கும் இடையிலான பேரம்தான்.

2021 நவம்பர் முதல் உலக விமான நிலையங்கள் ஓடுபாதை நிலையை 6 முதல் 0 வரை ஒரே அளவுகோலில் பைலட்டுகளுக்குச் சொல்கின்றன. உலர்ந்திருந்தால் 6. வெறும் ஈரம் என்றால் 5. அழுத்திக் கெட்டியாக்கிய பனி, மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே என்றால் 4, அதைவிட இளஞ்சூடு என்றால் 3. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேங்கிய மழைநீர் என்றால் 2. அதற்குக் கீழே இருப்பவை பனிக்கட்டி, ஈரமேறிய பனிக்கட்டி போன்றவைதான். ஆகவே கொட்டும் ஜூலை மழையில், தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் ஒரு விமானம் இறங்குகிறதென்றால், பைலட்டுக்குக் கிடைக்கும் பிடிப்பு சைபீரியாவின் கெட்டிப்பனி மூடிய ஓடுபாதையில் கிடைப்பதைவிடக் குறைவு.