வீடியோ கேம் கேசட் சேகரிப்பு

வீடியோ கேம் சேகரிப்பு என்பது, திரையில் ஆடும் ஆட்டங்களைக் கையில் எடுக்கக்கூடிய பொருளாக, அதாவது கேசட்டாகவோ வட்டாகவோ, அவற்றின் பெட்டி, கையேடு, ஆட்டக் கருவி ஆகியவற்றோடு தேடி வாங்கிப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேகரிப்பது போன்றதுதான் இதுவும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தபால்தலையைக் கண்ணால் பார்த்தாலே போதும். கேசட்டை ஓட்டிப் பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஓட்டுவதற்கு அதற்கேற்ற கருவி வேண்டும். கருவிக்கு ஏற்ற தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டும். மூன்றில் ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக்தான்.

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் 1990களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு 'டிவி கேம்' பழக்கமான பொருள். அவர்களில் சிலர் இப்போது நடுவயதில் அவற்றை மீண்டும் தேடுகிறார்கள். அந்தத் தேடலின் பழக்கங்களையும் இடர்ப்பாடுகளையும், அதனால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கேசட் என்பது என்ன?

நம் ஊரில் 'கேசட்' என்று சொன்னாலும் அதற்குள் பாட்டுக் கேசட்டைப் போல நாடா கிடையாது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை இருக்கும். அதிலுள்ள நினைவகச் சில்லில் ஆட்டத்தின் நிரல் பதிந்திருக்கும். பலகையின் ஓரத்தில் உள்ள உலோகத் தொடுமுனைகள் கருவியின் பள்ளத்தில் பொருந்தும்போது ஆட்டம் தொடங்கும்.

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. அதன் கேசட்டில் 60 தொடுமுனைகள். 1985-ல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் மொத்த அளவு வெறும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப் போலப் பல மடங்கு பெரியது.

திருச்சிக்கு வந்த விதம்

ஜப்பானில் விற்ற அந்தக் கருவியில், அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இல்லை. ஆகவே தைவானிலும் சீனாவிலும் அதன் நகல்களை எளிதாகவும் மலிவாகவும் செய்ய முடிந்தது. அந்த நகல்கள் உலகெங்கும் பரவின. ரஷ்யாவில் 'டென்டி' என்ற பெயரில் விற்றன. இந்தியாவில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்றன. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடியது இந்த நகல் கருவிகளில்தான்.

சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இவற்றுக்குப் பெயர்போனவை. திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் கிடைத்தன. சொந்தமாக வாங்க வசதியில்லாத பிள்ளைகள், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் கடைகளுக்குப் போனார்கள். கோடை விடுமுறையில் கேசட்டுகள் தெருவுக்குத் தெரு கைமாறின. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்த உறவினர்களின் பெட்டிகளிலும் ஆட்டக் கருவிகள் வந்திறங்கின.

'9999999 இன் 1' என்று ஒட்டிய கேசட் பலருக்கு நினைவிருக்கும். உண்மையில் அதில் இருந்தவை சில ஆட்டங்களே. அதே ஆட்டம் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்குவதாகப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். உறையைத் திறந்தால் முறையான சில்லுக்குப் பதிலாகக் கருப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும். முகப்புத் திரையில் உரிமையாளர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருக்கும்.

சேகரிப்போரின் பழக்கங்கள்

சேகரிப்போரைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் தாம் சிறுவயதில் ஆடியதை மட்டும் தேடுவோர். 'கான்ட்ரா', 'மரியோ' கிடைத்தால் அவர்களுக்குப் போதும்.

இரண்டாம் வகையினர் முழுமையைத் தேடுவோர். ஒரு கருவிக்கு வெளிவந்த எல்லா ஆட்டங்களையும் சேர்க்க முயல்வார்கள். ஃபேமிலி கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் உண்டு. ஆகவே இது வாழ்நாள் வேலை.

மூன்றாம் வகையினர் பெட்டி பிரிக்காத பொருளைத் தேடுவோர். இவர்களுக்கு ஆட்டத்தைவிட அதன் நிலையே முக்கியம். 2021 ஜூலையில் அமெரிக்க ஏலத்தில், பிரிக்கப்படாத 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு விலைபோனது. இத்தகைய செய்தியைப் படித்துவிட்டு, தம் வீட்டுப் பரணில் உள்ளதற்கும் அதே விலை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிடைக்காது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பெட்டியில்லாத நகல்கள்.

இந்தியாவில் உருவான ஆட்டங்களைத் தேடுவோரும் இருக்கிறார்கள். 2009-ல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்', 'தேசி அட்டா' ஆகிய இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள் உருவாக்கியவை. கபடி, கில்லி போன்ற விளையாட்டுகள் 'தேசி அட்டா'வில் இடம்பெற்றன.

இடர்ப்பாடுகள்

1. ஈரமும் துருவும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தில் மழைக்கால ஈரப்பதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் கேசட்டின் தொடுமுனைகளில் நாளடைவில் படலம் படியும். கருவி அதைப் படிக்காது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதிவிட்டுச் செருகுவார்கள், ஆட்டம் வந்துவிடும். ஊதியதால் வந்தது என்று எல்லோரும் நம்பினோம். உண்மையில் கழற்றி மறுபடி செருகும்போது முனைகள் உரசிப் புதிதாகப் பொருந்துவதே காரணம். ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டு முனைகள் மேலும் கெடும். சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிடுவதே சரியான முறை.

2. மின்கலம்

சில கேசட்டுகளில் ஆடியவரின் முன்னேற்றத்தைச் சேமிக்க ஒரு சிறு லித்தியம் மின்கலம் இருக்கும். 1987-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' கேசட்டும், பின்னர் வந்த 'போக்கிமான்' கேசட்டுகள் பலவும் இத்தகையவை. மின்கலம் தீர்ந்தால் ஆட்டம் ஓடும், ஆனால் சேமித்தவை அழிந்துவிடும். வழக்கமான முறையில் மின்கலத்தை மாற்றினாலும் பழைய சேமிப்பு போய்விடும். கேசட் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குள் ஒரு பிள்ளையின் ஒரு கோடை விடுமுறை சத்தமில்லாமல் அழிந்துபோயிருக்கும்.

3. தொலைக்காட்சிப் பெட்டி

'டக் ஹன்ட்' என்னும் வாத்து சுடும் ஆட்டம் தட்டைத் திரையில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியில் உள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இது பழைய குழாய்த் திரை படம் வரையும் வேகத்தை நம்பிச் செய்த அமைப்பு. தட்டைத் திரையில் படம் சற்றுத் தாமதமாக வருவதால் கணக்கு தவறிவிடுகிறது. 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கிய குழாய்ப் பெட்டிகள், பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் சில சேகரிப்போரிடம் அடைக்கலம் புகுவது இதனால்தான்.

4. மண்டல வேறுபாடு

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. இந்தியாவில் 50 முறை. ஆகவே அங்கே செய்த ஆட்டங்கள் நம் ஊர்க் கருவியில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. வட்டுகளின் காலத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. பிளேஸ்டேஷன் 2-ல் இந்தியா ஒரு மண்டலம், சிங்கப்பூர் வேறு மண்டலம். சிங்கப்பூரில் மாமா ஆசையாக வாங்கிவந்த வட்டு இங்கே விற்ற கருவியில் ஓடாது. 'சிப்' போட்ட கருவி என்றால்தான் ஓடும்.

5. போகி

இது நம் ஊருக்கே உரிய இடர். போகிக்கு முதல் நாள் பரண் காலியாகும். கொலுப் பொம்மைகளைத் துணி சுற்றி மரப்பெட்டியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் வீடுகளில்கூட, கேம் கேசட் குப்பைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடும். அதை யாரும் வைத்துக்காக்க வேண்டிய பொருளாக நினைத்ததில்லை.

வட்டு இருந்தும் ஆட்டம் இல்லாத காலம்

இன்றைய ஆட்டங்கள் பெரும்பாலும் இணையக் கடைகளில் விற்கின்றன. அந்தக் கடைகள் மூடும்போது வாங்கும் வழியும் மூடிவிடுகிறது. நின்டென்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகள் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டன.

வட்டாக வாங்கினால் தப்பிக்கலாம் என்றும் சொல்வதற்கில்லை. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை ஆட எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வாங்கிய வட்டு அலமாரியில் இருக்கிறது, ஆட்டம் இல்லை.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

போலியும் வரலாறே

வெளிநாட்டுச் சேகரிப்போர் நகல் கேசட்டைக் கண்டால் ஒதுக்குவார்கள். அவர்களுக்கு அசல் கிடைத்தது, ஆகவே நகல் குப்பை. நம் நிலை வேறு. நம் பிள்ளைகள் ஆடியது நகலைத்தான். திருச்சியில் ஒரு சிறுவன் 1995-ல் என்ன ஆடினான் என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு, ஜப்பானிய அசல் கேசட் எதையும் சொல்லாது. கோணலாக ஒட்டிய அட்டைப் படமும், எழுத்துப் பிழையான பெயரும், பின்புறம் பேனாவால் எழுதிய விலையும்தான் சொல்லும்.

'மரியோ' ஆட்டத்தின் நிரல் உலகம் முழுவதும் ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருக்கிறது. அது அழியாது. அழிவது நம் பகுதியின் செய்திதான்: எந்தக் கடை, என்ன விலை, மணிக்கு எவ்வளவு வாடகை, யாரோடு சேர்ந்து ஆடினார்கள் என்பது. இவை எந்தச் சில்லிலும் பதியவில்லை.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் வகுப்பில் கேசட் கொண்டுவந்த மாணவர்களிடமிருந்து அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஆண்டிறுதியில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். ஒரு கேசட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. ஓய்வுபெற்றபோது மற்ற பொருள்களோடு அதுவும் வீட்டுக்கு வந்தது. அது யாருடையது, எந்த ஆண்டு என்று அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. கேசட் இன்னும் ஓடுகிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு நாடகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவைத்தார். அன்றைக்குப் பலர் குப்பை என்று தள்ளியவை அவை. அவருடைய தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-ல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

மாணவர்கள் செய்யக்கூடியது

கேசட்டுகளை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. முதலில் வீட்டுப் பரணையும் உறவினர் வீடுகளையும் பாருங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

• உறையில் உள்ள பெயர், எழுதியிருப்பது எழுதியபடியே (பிழையைத் திருத்த வேண்டாம்)
• வாங்கிய இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, விலை
• யார் ஆடினார்கள், எங்கே ஆடினார்கள்
• இப்போது ஓடுகிறதா, இல்லையா
• முன்புறம், பின்புறம், தொடுமுனை ஆகியவற்றின் படங்கள்

பிறகு பஞ்சால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். உறையைத் திறக்க வேண்டியிருந்தால் பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள். குழாய்த் தொலைக்காட்சியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நிரலைக் கணினியில் படியெடுப்பதற்குச் சட்ட எல்லைகள் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான பாதுகாப்பாகப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அதைப் பிறருக்குப் பகிரவோ விற்கவோ இடம் தரவில்லை. குறிப்பு எழுதுவதற்கும் படம் எடுத்து வைப்பதற்கும் இத்தகைய சிக்கல் இல்லை.

1990-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குக் கேசட் வாங்கித் தந்த பெற்றோர் எழுபதை ஒட்டியிருப்பார்கள். விலையும் கடையும் நினைவிருப்பது அவர்களுக்குத்தான். வரும் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, கேசட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிவையுங்கள்.