இடி முழக்கத்தில் ஒரு தில்லானா

காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் 1902-ல் முதலில் போனது கோலார் தங்க வயலுக்கு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். இன்று நிலைமை தலைகீழ். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் ரயிலேறி அதே பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள் தங்க வயல் தமிழர்கள்.

அந்த ரயில் போய்ச் சேரும் நகரில் 2003-ல் உருவானது 'அகம்' இசைக்குழு. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனும் நண்பர்களும் பகலில் மென்பொருள் வேலை, வார இறுதியில் ஒத்திகை என்றே குழுவை வளர்த்தார்கள். 2007-ல் சன் டி.வி.யின் 'ஊ லலலா' போட்டி அவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2012-ல் முதல் ஆல்பம். சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா அதில் டிரம்ஸ் அதிரப் பாய்கிறது.

நடுவில் திசைமாறும் தாளம், நீண்டு விரியும் பாட்டு. மேற்கில் இதற்கு 'புரோகிரஸிவ்' என்று பெயர். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கோ பாதி தெரிந்த சங்கதி. மேடையில் ஆலாபனைக்கு அடங்கும் கூட்டம், கிடார் உறுமியதும் தலையைச் சிலுப்பிக் குதிக்கிறது.

இந்த உறுமல் தொழிலாளர் ஊரில் பிறந்தது. பர்மிங்காமில் தகடு ஆலை இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, 1968-ல் உருவான 'பிளாக் சபாத்' குழுவில் கிடாரை அப்படி உறும வைத்தார். பெங்களூரில் அதைக் கையில் எடுத்தவர்கள் மென்பொருள்காரர்கள்.

பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தினமும் அதே நகரில் இறங்குகிறார்கள். கிடாரைத் தொட்டால், பாடுவதற்கு அவர்களிடம் சொந்தக் கதை இருக்கிறது.