ஊதா நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும், பெக்கோக் போகும் சாலையின் மண்மேட்டிலும், சுங்கை பந்தாங் அருவிப் பக்கத்து ஈரக் கரையிலும் ஆண்டு முழுக்க ஊதாப் பூ பூத்து நிற்கும் புதர் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைச் செண்டுடுக் என்பார்கள். 1753இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவரை இது தானாகவே வளர்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பார்க்கலாம்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்படியில் கிளம்பும் மூன்று அல்லது ஐந்து நரம்புகள் வளைந்து நுனிவரை ஓடும். அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படிபோல மெல்லிய நரம்புகள் இருக்கும். தொட்டால் சொரசொரப்பு. ஆனால் இந்த நரம்பமைப்பு மெலஸ்டோமா குடும்பத்துக்கே பொதுவான அடையாளம். வீட்டு வாசலில் அழகுக்கு வளர்க்கும் பிரேசில் நாட்டுத் திபோசினாவுக்கும் இதே நரம்புதான், இதே ஊதாதான். அதன் மகரந்தத் தாள்கள் எல்லாமே ஊதா. செண்டுடுக்கில் இரண்டு வகை: ஐந்து குட்டையாக, பளிச்சென்ற மஞ்சளில், ஐந்து நீண்டு வளைந்து, ஊதாவில்.

இந்த இரட்டை ஏற்பாடு எனக்கு ஆச்சரியம் தீராத ஒன்று. பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையும் நுனித் துளை வழியாகத்தான் திறக்கும். தச்சுத் தேனீ என்னும் பெரிய கருப்புத் தேனீ மஞ்சள் தாள்களைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், உணவு உதிரும். அதே நேரத்தில் ஊதாத் தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் பயணப்படும். உணவுக்கு ஒன்று, இனப்பெருக்கத்துக்கு ஒன்று! பூவின் ஆயுளோ ஒரே நாள்.

மற்றப் பயிர் திணறும் புளிப்பு மண்ணிலும் இது தழைக்கும். அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. காய்ந்த இலை ஒரு கிலோவில் 10 கிராமுக்கும் மேல் இருக்கலாம். பழம் முற்றினால் கிண்ணம் வெடித்துக் கருநீலச் சதை தெரியும். தின்றவர் நாக்கே சாட்சி சொல்லும்.

அதே ஈரத்தில் வெள்ளைப் பூவோடு, இலையெல்லாம் ரோமமாக நிற்கும் செண்டுடுக் புலு வேறு செடி. கிளிடெமியா ஹிர்டா என்ற வெப்பமண்டல அமெரிக்க வந்தேறி. அதன் பழம் வெடிக்காது. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டுக்குள்ளேயே அது நுழைந்துவிட்டது. களை எடுக்கிறவர்கள் பிடுங்க வேண்டியது இதைத்தான். பறவை தின்று பரப்பும் பொடி விதை, சேற்றோடு காலணியிலும் ஒட்டும். பெக்கோக் வழியாக எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் கால் வைக்குமுன் காலணியைக் கழுவிவிட வேண்டும்.