நாலு கார்டு... ஒரு ஸ்கோர்!

'ஹலோ சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு...'

இந்த போன் கால் உங்களுக்கு இன்னும் வரலையா? கவலையே படாதீங்க பாஸ். முதல் மாச சம்பளம் அக்கவுன்ட்டில் விழுந்த மறுநாளே வந்துடும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் வந்தது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ரெண்டே வருஷத்தில் பர்ஸில் நாலு கார்டு. "ஒண்ணு பெட்ரோலுக்கு, ஒண்ணு சினிமாவுக்கு, ஒண்ணு ஆன்லைன் ஷாப்பிங்குக்கு, ஒண்ணு சும்மா!" என்று சீட்டுக்கட்டு மாதிரி விரிச்சுக் காட்டுவார்.

அந்த 'சும்மா' கார்டுதான் என் காலேஜ் ஃபீஸுக்கே வேட்டு வெச்சது.

எங்களுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குத் தனி வருமானம் கிடையாது. எனக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைச்சதும் எஜுகேஷன் லோனுக்கு அண்ணன்தான் கூடக் கையெழுத்துப் போட வந்தார். பேங்க் ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "612. இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதே தம்பி!"

அந்த வருஷ ஃபீஸுக்காக அம்மாவோட நாலு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போச்சு.

அது என்ன 612? நாம எந்தக் கடனை எப்போ வாங்கினோம், ஒழுங்கா கட்டினோமான்னு குறிச்சு வைக்க இந்தியாவில் நாலு நிறுவனங்கள் இருக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். இதில் மூத்தது 2000-ல் ஆரம்பிச்ச சிபில். அதனால நம்ம ஊரில் ஸ்கோர்னாலே 'சிபில்'னுதான் பேர். 300-ல் இருந்து 900 வரைக்கும் மார்க் உண்டு. பொதுவா 750-ஐத் தாண்டினா பேங்க்காரங்க காபி வாங்கிக் குடுத்துப் பேசுவாங்க. 612-க்குத் தண்ணிகூடக் கிடையாது!

நாலு கார்டில் மொத்தக் கடன் 1,89,000 ரூபாய். இதில் 'சும்மா' கார்டு பாக்கி வெறும் 8,000. பில் பழைய இமெயிலுக்குப் போயிருக்கு, அண்ணன் பார்க்கவே இல்லை. மூணு மாசம் கட்டாம விட்டதில் லேட் ஃபீ, வட்டி எல்லாம் சேர்ந்து 11,000. ஸ்கோரைப் பொறுத்தவரை தொகை சின்னதா பெரிசாங்கறதைவிட, தேதிக்குக் கட்டினியா இல்லையாங்கறதுதான் பெரிய கேள்வி.

மத்த மூணுக்கும் அண்ணன் ஒழுங்கா பணம் கட்டிக்கிட்டுதான் இருந்தார். எவ்வளவு? பில்லில் கொட்டை எழுத்தில் இருக்குமே, 'மினிமம் டியூ', அவ்வளவு!

இங்கே கொஞ்சம் கால்குலேட்டரை எடுங்க. பாக்கி 50,000. வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதம்னா 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 315. மொத்தம் 2,065. மினிமம் டியூ 5 சதவீதம்னு வைங்க, 2,500. அதைக் கட்டினா அசலில் குறையறது எவ்வளவு தெரியுமா? 435 ரூபாய்! ஒரு பிரியாணி பார்ட்டிக்குக்கூடப் பத்தாது. இதில் இன்னொரு உள்குத்து... பழைய பாக்கி நிக்கிற வரைக்கும், புதுசா தேய்க்கிற தொகைக்கு 45 நாள், 50 நாள் வட்டியில்லா சலுகையும் கிடையாது. தேய்ச்ச அன்னிக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும். மாசம் 3.5-னு சொன்னா சாதுவாத்தான் தெரியும். வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க, 42! கார்டு வட்டிக்கு 30 சதவீதம்தான் உச்சம்னு 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதையும், 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செஞ்சுடுச்சு.

அண்ணன் இன்னொரு வித்தையும் பண்ணினார். ஒரு கார்டில் ஏ.டி.எம்.மில் கேஷ் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவார். கேஷ் எடுத்தா தனிக் கட்டணம், அதே நாள்ல இருந்து வட்டி. ஓட்டை வாளியில் இருந்து இன்னொரு ஓட்டை வாளிக்குத் தண்ணி ஊத்தின கதைதான்.

எங்களைக் காப்பாத்தினது பக்கத்து வீட்டு அக்கா. பேங்கில் வேலை பார்க்கிறவங்க. என் கிராஃப் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிச்சு நாலு கார்டுக்கும் கட்டம் போட்டாங்க. பாக்கி, வட்டி, கடைசித் தேதி. நாலு கார்டும் அன்னிக்கே அம்மாவோட துவரம்பருப்பு டப்பாவுக்குள்ளே போச்சு.

முதல் வெட்டு, தவணை தாண்டிக் கிடந்த 'சும்மா' கார்டுக்கு. அதுக்குள்ளே ஒரு ஏஜென்ட் போன் பண்ணி, "ஆறாயிரம் குடுங்க சார், செட்டில் பண்ணி முடிச்சுக்கலாம்"னு ஆசை காட்டினார். அண்ணன் தலையாட்டப் போயிட்டார். "ஐயோ, வேண்டாம்டா"ன்னு அக்கா தடுத்தாங்க. ஏன்னா, குறைச்சுக் கட்டினா ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு'னு வராது, 'செட்டில்டு'னு வரும். 'இவர் முழுசா திருப்பித் தரலை'ங்கறதுக்கு அது நாகரிகமான பேர். அடுத்த கடன் கேட்கப் போற பேங்க் அதைத்தான் முதல்ல பார்க்கும். 11,000-மும் முழுசா கட்டினோம்.

90,000 பாக்கி இருந்த கார்டை, பேங்கில் கேட்டு வருஷத்துக்கு 16 சதவீத வட்டியில் இ.எம்.ஐ.யா மாத்தினார். மிச்ச ரெண்டு கார்டுக்கும் மினிமம் தொகை தானா போற மாதிரி ஆட்டோ பே. கையில் மிஞ்சற ஒவ்வொரு ரூபாயும் ஒரே கார்டுக்கு. எந்தக் கார்டுக்குன்னுதான் வீட்டில் சண்டை! வட்டி அதிகமான 50,000-த்தை முதல்ல அடைக்கணும்னு நான். கணக்கு அதைத்தான் சொல்லுது. "38,000-த்தை முதல்ல முடிச்சா ஒரு தலைவலி விட்ட நிம்மதி இருக்கும்"னு அண்ணன். சம்பளம் அவரோடது, அவர்தான் ஜெயிச்சார். கொஞ்சம் வட்டி கூடத்தான் போச்சு. ஆனா, ஒரு கார்டு ஜீரோ ஆன அன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே!

உடனே அதை கேன்சல் பண்ணக் கிளம்பினார். அங்கேயும் அக்கா பிரேக் போட்டாங்க. ரெண்டு கார்டு, லிமிட் 60,000 ஒண்ணு, 40,000 ஒண்ணு. பாக்கி 30,000. மொத்த லிமிட்டில் 30 சதவீதம்தான் பயன்படுத்தறோம், ஓகே. இதில் 60,000 கார்டை மூடினா? அதே பாக்கி 75 சதவீதமா காட்டும், ஸ்கோர் அடி வாங்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டுன்னா டப்பாவிலேயே தூங்கட்டும். கட்டணம் தீட்டற கார்டுன்னா, பாக்கி எல்லாம் முடிஞ்ச பிறகு தாராளமா மூடலாம். அப்புறம் நீங்க கேட்டும் பேங்க் ஏழு வேலை நாளுக்குள்ளே மூடலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரணும். 2022-ல் ரிசர்வ் பேங்க் போட்ட ரூல் இது.

'நாமதான் இன்னும் சம்பாதிக்கலையே'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. ஃபிக்ஸட் டெபாசிட்டைக் காட்டி ஸ்டூடன்ட்ஸ் கையிலும் கார்டு வந்தாச்சு. 2022-க்கு அப்புறம் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைக்கலாம், டீக்கடையில் ஸ்கேன் பண்றதுகூடக் கடனா இருக்கலாம். 'இப்போ வாங்கு, அப்புறம் கொடு' ஆப் கொடுக்கிறதும் கடன்தான். பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க இதைக் கேளுங்க. எஸ்.பி.ஐ.யில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லைன்னு பேங்க் ரத்து செஞ்சது. கடனை எல்லாம் அடைச்சாச்சேன்னு அவர் வாதாடிப் பார்த்தார். பேங்க் செஞ்சது சரிதான்னு 2025 ஜூனில் மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிடுச்சு.

உங்க ரிப்போர்ட்டை அந்த நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா தரணும். நீங்களே பார்க்கிறதால ஸ்கோர் குறையாது. ஆனா, ஒரே மாசத்தில் நாலு பேங்கில் கார்டுக்கு அப்ளை பண்ணா குறையும். ரிப்போர்ட்டில் தப்பு இருந்தா புகார் பண்ணுங்க. 30 நாளில் சரி பண்ணலைன்னா, அதுக்கு மேல நாளைக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு.

அண்ணன் ஸ்கோர் இப்போ 748. என் மூணாவது வருஷ ஃபீஸுக்கு அதே பேங்கில், அதே ஆபீசர்கிட்டே லோன் கிடைச்சது. இந்தத் தடவை கம்ப்யூட்டரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். 50,000 கார்டில் இன்னும் 9,000 பாக்கி. அதை முடிச்சுட்டு அம்மா செயினை மீட்கணும்னு அண்ணன் சொல்லியிருக்கார். அது வரைக்கும் அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறுகூட இல்லாத வெறும் கவரிங் செயின்தான்.