நீர்விட்டு நிலமேறும் நியூட்டு

நீரிற் பிறந்து நிலத்திலும் வாழவல்ல பிராணிகள் ஈரூடகவாழிகள் எனப்படும். இவற்றுள் தவளையை அறியாதார் இலர். ஆனால் நியூட்டு என்பதனை நேயர் பலர் கண்டிரார். வாலுடைய ஈரூடகவாழி எதுவும் இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. பல்லியின் வடிவும் தவளையின் ஈரத்தோலும் ஒருங்கே வாய்ந்த சிறு பிராணியே நியூட்டு.

ஈரான் நாட்டின் தென்மேற்கே, சாகுரோசு மலைத்தொடரின் ஓடைகளிற் கைசர் நியூட்டு என்னும் இனம் வாழ்கின்றது. கரிய உடலில் வெண்டிட்டுகளும், முதுகிற் செம்மஞ்சட் கோடும், அந்நிறக் கால்களும் கொண்ட இதன் அழகே இதற்குக் கேடாயிற்று. வளர்ப்புப் பிராணி வாணிகத்துக்காக ஓடைகளிலிருந்து இவை பெருவாரியாகப் பிடிக்கப்பட்டன. 2010 ஆம் ஆண்டிற் கட்டார் நாட்டின் டோகா நகரிற் கூடிய அனைத்துலக மாநாடு, காட்டிற் பிடிக்கப்பட்டவற்றை நாடுவிட்டு நாடு கடத்தி விற்பதற்குத் தடை விதித்தது. ஆயினும் இவ்வினம் தொட்டியிலும் முட்டையிடும். அங்குப் பிறப்பவற்றைப் பிழைக்கச் செய்யின், ஓடையில் கைவைக்க வேண்டுவதில்லை. ஆதலின் குஞ்சு வளர்த்தல் வெறும் பொழுதுபோக்கன்று.

முட்டையினின்று வெளிவரும் குடம்பி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமுடையது. கழுத்தின் இருமருங்கும் இறகுபோன்ற செவுள்கள் விரிந்திருக்கும். முதற் சில நாள்கள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே அதற்கு உணவாகும். அதன்பின் அசையும் இரையையே அது கவ்வும். தவளையின் வாற்பேத்தை பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்னும். நியூட்டின் குடம்பியோ தொடக்கம் முதலே ஊனுண்ணி. எனவே பொரித்தவுடனான உவர்நீர் இறாற்குஞ்சுகளையும், வளர வளர நீர்த்தெள்ளு, சிறு புழு ஆகியவற்றையும் உயிரோடு இடல் வேண்டும். வாற்பேத்தைக்குப் பின்னங்கால்கள் முதலில் வெளிப்படும். நியூட்டுக்கு முன்னங்கால்களே முந்தித் தோன்றும்.

நீர் குளிர்ச்சியாயும் குளோரீன் நீங்கியதாயும் இருத்தல் அவசியம். எஞ்சிய இரையையும் கழிவையும் நாள்தோறும் அகற்றாவிடின் நீர் நஞ்சாகும். நெருக்கமும் பசியும் மிகுந்தால் குடம்பிகள் ஒன்றன் காலையும் செவுளையும் மற்றொன்று கடித்துவிடும். இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் வியத்தகு ஆற்றல் அவற்றுக்கு உண்டெனினும், பருமனுக்கேற்ப வேறு வேறு தொட்டிகளிற் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

இரண்டு மூன்று மாதங்களில், வெப்பத்துக்கும் உணவுக்கும் ஏற்பச் சற்று முன்பின்னாக, உருமாற்றம் நிகழும். செவுள்கள் சுருங்கும், வாற்றுடுப்பு ஒடுங்கும், பிராணி நீரின் மேற்பரப்பை நாடும். இதுவே இடர்மிக்க வேளை. செவுளாற் சுவாசித்த உயிர் நுரையீரலுக்கு மாறுகின்றது. ஏறிக் கரைசேர இடமில்லையாயின், இதுகாறும் தன்னை வளர்த்த நீரிலேயே அது மூழ்கி மடியும். நாள்தோறும் தவறாது உணவிட்டு வந்தோரும் இவ்விடத்திலேயே தவறுகின்றனர். மாற்றம் முடியும்வரை காத்திராது, அதன் முதற்குறி தோன்றியவுடனேயே நீரைச் சில சென்ரிமீற்றருக்குக் குறைத்து, கற்களாலும் தக்கைப்பட்டையாலும் சாய்வான கரை அமைத்தல் வேண்டும்.

நிலமேறிய குஞ்சுக்கு, ஒருபுறம் ஈரமும் மறுபுறம் உலர்வும் உள்ள பெட்டியும், ஒளிந்திருக்கப் பட்டைத் துண்டுகளும் தேவை. பழ ஈ போன்ற நுண்ணிரையை அது உண்ணும். முதற் சில நாள் உண்ணாதிருப்பினும் அஞ்ச வேண்டுவதில்லை. ஈரக்காலாற் கண்ணாடிச் சுவரில் ஏறவல்லதாதலின் மூடி இறுக்கமாயிருத்தல் வேண்டும்.

இவ்வாறு வளர்த்ததனைக் கண்ட ஓடையில் விடுதலும் தகாது. ஐரோப்பாவில் நெருப்புச் சலமந்தர்களை மாய்த்து, 2013 ஆம் ஆண்டில் அடையாளங் காணப்பட்ட பூஞ்சண நோய், ஆசியப் பிராணிகளின் வாணிகத்தோடு அங்குச் சென்றதெனக் கருதப்படுகின்றது. தொட்டியிற் பிறந்தது தொட்டியோரிடமே தங்குக. ஓடையிற் பிறந்தது ஓடையிலேயே வாழ்க. கரையின்றித் தொட்டியில் மடியும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஈடாக, மலையோடையிலிருந்து இன்னொன்றைக் கவர ஒரு கை நீளக்கூடும். அக்கையைத் தடுப்பது, உரிய வேளையில் வைக்கப்படும் ஒரு சிறு கல்லேயாகும்.