உங்களுக்குத் தெரியுமா? ஆடிக்காற்றில் ட்ரோன்!

கள்ளச்சாராய ஊறல்களைக் கண்டுபிடிக்கக் கல்வராயன் மலையில் போலீசார் ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறார்கள். அங்கே தரையில் இலை அசையாதபோதும், 100 மீட்டர் மேலே காற்று சுழற்றியடிக்கலாம். சிறிய ட்ரோன்கள் பலவும் தாங்குவது மணிக்குச் சுமார் 38 கி.மீ. காற்றைத்தான்.

ஆடியில் வீசுவது மேல்காற்று. அதனால் முதலில் மேற்கே, காற்றை எதிர்த்தே செலுத்துங்கள். பேட்டரி குறைந்து திரும்பும்போது காற்று துணைக்கு வரும். கைமீறிப் போகிறதா? உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்றின் வேகம் குறைவு. ட்ரோன் தானாகத் திரும்பும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. எதிரே நிற்கும் மலைமுகட்டைவிட அதிகமாக வையுங்கள், இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

விழுந்துவிட்டால், கடைசி ஜிபிஎஸ் புள்ளி செயலியில் இருக்கும். மரவள்ளிச் செடிகளுக்கடியில் மறைந்து கிடந்தாலும், பேட்டரி தீருமுன், தொடர்பு இருந்தால், பல ட்ரோன்களில் செயலிவழி ‘பீப்’ ஒலி எழுப்பித் தேடலாம்.